கூறை மாற்றும் நேரத்தில் கன்சீலர்

இந்தக் கிழமையோடு நான் மணப்பெண் அலங்கார வேலையை விடுகிறேன். முப்பது வயதைத் தாண்டியவுடனேயே ஓய்வு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் மூத்தவன் இன்னும் பாலர் பாடசாலைக்குக்கூடப் போகவில்லை, இரண்டாவது வயிற்றில் இருக்கிறது. விடியற்காலை முகூர்த்தங்களுக்கு அலங்காரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட இனி ஏலாது என்று வீட்டில் எல்லோருமாக முடிவெடுத்தோம். எடுத்த முடிவு சரிதானா என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடுப்பை நிறுத்தினேனா என்று படலை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள் நான். கருவளையத்தையும் பருவையும் மறைக்கப் பூசும் கன்சீலர் விஷயத்தில் மட்டும் எனக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. அதனால்தான் நம் அலங்காரக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதைப் பற்றி எழுதுகிறேன்.

நீங்கள் வந்த முதல் நாளே கேட்டீர்கள், "எந்தக் கொம்பனி கன்சீலர் நல்லது அக்கா?" என்று. நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்குப் பதில் கிடையாது. பெட்டியில் இருக்கும் மலிவானதை வைத்துக்கொண்டு நல்ல வேலை செய்யலாம், விலையுயர்ந்ததை வைத்துக்கொண்டு ஒரு முகத்தைக் கெடுக்கலாம். முதலில் முகத்தைப் பாருங்கள். கடைசியாகப் போத்தலைப் பாருங்கள்.

கண்ணுக்குக் கீழே என்ன செய்ய வேண்டும் என்பதை நான் படித்தது என் முகத்தில்தான். மூத்தவன் பிறந்து கொஞ்ச மாதங்களில் வேலைக்குத் திரும்பினேன். அவன் இரவு முழுக்க விழித்திருந்து, விடிந்த பிறகு தூங்குவான். எனக்கு ஒவ்வொரு காலையும் புதுக் கருவளையம். கடைக்கு வருகிறவர்கள் என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தங்கள் முகத்தை என்னிடம் தருவார்களா என்ற பயம் வேறு. ஒருநாள் என் நிறத்தைவிட நல்ல வெளிர் நிறமான ஒன்றை எடுத்துக் கண்ணுக்குக் கீழே தாராளமாகப் பூசிக்கொண்டு வந்தேன். கடைக்கார அக்கா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. என்னைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தா.

"என்ன பிள்ளை, கண்ணுக்குக் கீழ சுண்ணாம்பு அடிச்சுப்போட்டு வந்திருக்கிறாய்? பெருநாள் ஏதும் வருதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். குளியலறை விளக்கில் அழகாகத் தெரிந்த அதே முகம் பகல் வெளிச்சத்தில் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. நம்மைப் போன்ற மாநிற, கறுப்பு முகங்களில் கருவளையம் வெறும் கறுப்பு அல்ல, அதற்குள் நீலமும் பழுப்பும் கலந்திருக்கும். அதற்கு மேல் நேராக வெளிர் நிறத்தைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சாம்பலாகிவிடும். முதலில் செம்மஞ்சள் நிறக் கரெக்டர் ஒரு பொட்டு, கறுத்த இடத்தில் மட்டும். அது நீலத்தை அடக்கும். பிறகு அவரவர் சொந்த நிறத்தில் கன்சீலர், மெல்லிசாக. தேய்க்கக் கூடாது. மோதிர விரலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும். அழுத்தத் தெரியாத விரல் அதுதான்.

நிறத்தைத் தெரிவு செய்யக் கையின் மேற்புறத்தில் பூசிப் பார்க்காதீர்கள். நம் கைகள் ஸ்கூட்டி ஓட்டும் கைகள். கடற்கரை வீதி வெயில் முழுவதும் அதில் இருக்கிறது. தாடை எலும்பின் ஓரத்தில், முகமும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டு வாசலுக்குக் கூட்டிப் போங்கள். கோடு காணாமல் போனால் அதுதான் அவருடைய நிறம்.

பருவை மறைப்பது வேறு வேலை. சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையை அவருடைய கூட்டாளிகள் கல்யாணத்தன்று காலை கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூக்கு நுனியில் சிவந்த பரு. கூட்டாளிகளில் ஒருவன் தன் தங்கையின் கன்சீலரை வாங்கி அதன் மேல் அப்பியிருந்தான். வெளிர் நிறம். மேடான இடத்தில் வெளிர் நிறம் பட்டால் அது இன்னும் மேடாகத் தெரியும்.

"டேய், மூக்கில வெளிச்சவீடு எரியுது. இண்டைக்குக் கடலுக்குப் போன போட் எல்லாம் மணவறைக்குத்தான் வந்து சேரப்போகுது."

"வாயை மூடடா. நீதானே பூசினனீ!" என்றார் மாப்பிள்ளை.

அவர் சிரிக்கவில்லை. காது சிவந்து போய்க் கதிரையில் உட்கார்ந்திருந்தார். துடைத்துவிட்டு, அவருடைய நிறத்திலேயே ஒரு சின்னப் பொட்டை வைத்து, ஓரங்களை மட்டும் கலைத்துவிட்டேன். பருவுக்குச் சொந்த நிறம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். தர்சினி என்று வைத்துக்கொள்வோம். லிங்கநகர்ப் பிள்ளை, தாதியாக வேலை செய்கிறவ. கல்யாணத்துக்கு முன்னர் ஒத்திகை அலங்காரத்துக்காகக் கடைக்கு வந்தபோதே கண்ணுக்குக் கீழே இரவு வேலையின் நிழல் இருந்தது. கதிரையில் இருந்தவுடன் சொன்னா:

"அக்கா, என்ர முகம் என்ர முகமாத்தான் இருக்கவேணும். மாப்பிள்ளை கட்டாரில வேலை. நான் நைட் முடிச்சு வந்த உடனதான் வீடியோவில கதைக்கிறது. 'டியூட்டி முடிஞ்சுதோ?' எண்டுதான் ஒவ்வொரு நாளும் தொடங்குவார். திடீரெண்டு வேற ஒரு பொம்பிளை மணவறையில வந்து இருந்தா மனுசன் எழும்பி ஓடிடுவார்."

சிரித்துவிட்டு மெல்லச் சொன்னா. முன்னர் ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. ஸ்ரூடியோக்காரர் முகத்தை வெள்ளையாக்கிக் கொடுத்த படத்தைத்தான் வீட்டார் அனுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து பார்த்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். "படத்தில வேற மாதிரியெல்லோ இருந்தது" என்று அவ முன்னாலேயே சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள்.

"அண்டைக்குத் தேத்தண்ணித் தட்டோட நிண்டனான் அக்கா. அப்பிடி இன்னொருக்கா நிக்க ஏலாது."

புரிந்தது. இந்தப் பிள்ளைக்குக் கன்சீலர் எவ்வளவு என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல.

கல்யாணம் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மண்டபத்தில். கடைக்கார அக்காவுக்குக் காய்ச்சல், அதனால் முகத்துக்கு நான் மட்டும், சேலை உடுத்திவிட நம் கடை ரஜனி. நாங்கள் போய் இறங்கும்போது வாசலில் கட்டியிருந்த வாழையை, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. பெண்ணின் மாமா தோள் துவாயை வீசி அதைத் துரத்திக்கொண்டிருந்தார். "பந்திக்கு முதல் ஆளா வந்திட்டுது" என்றா ரஜனி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளைக்கும் அன்றைக்குக் காலை உடம்பு சுட்டது. வீட்டில் என் மாமியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். வந்தது சரியா என்று வழியெல்லாம் யோசனை.

முகம் நன்றாக வந்தது. கண்ணுக்குக் கீழே மெல்லிய நிழலை வேண்டுமென்றே விட்டிருந்தேன். தர்சினியை யன்னலடிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "ஓம், நான்தான்" என்றா. அந்த நேரம் மாமியின் அழைப்பு வந்தது. ரஜனி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தா, அறைக்குள் சிக்னல் இல்லை. கடல் பக்க விறாந்தைக்குப் போய்ப் பேசினேன். காய்ச்சல் ஏறியிருக்கிறது, மருந்து கொடுத்திருக்கிறேன், நீ பதறாதே என்றா. பதறாதே என்று சொன்னால் நான் பதறாமல் இருப்பேனா? மருந்தின் அளவை மூன்று விதமாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மணப்பெண் தோழி தர்சினியை மணவறைக்குக் கூட்டிப்போய்விட்டா. முதுகைத்தான் கண்டேன்.

மண்டபத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். கமெரா அவ முகத்துக்கு அருகில் வந்தது. கண்களுக்குக் கீழே இரண்டு சாம்பல் பிறைகள்.

"அக்கா, இது நாங்கள் போட்டதில்லையே?" என்றா ரஜனி.

லண்டனிலிருந்து வந்திருந்த தர்சினியின் பெரியம்மா முன்வரிசையில் திருப்தியாக இருந்தா. ரஜனி குனிந்து கேட்டா. அவ ஒளிக்கவில்லை. பெருமையாகவே சொன்னா.

"நான்தான் பிள்ளை கொஞ்சம் தூக்கிவிட்டனான். கண்ணை மூடிக்கொண்டிரு எண்டு சொல்லிப்போட்டுப் பூசினனான். அங்க எல்லாரும் இதுதான் பாவிக்கிறவை." கைப்பையைத் திறந்து கன்சீலரையும் காட்டினா. வெள்ளைக்காரருக்கான நிறம்.

பூசியது என்ன நிறம் என்று தர்சினிக்குத் தெரியாது. அவ தன் முகத்தோடுதான் இருப்பதாக நினைத்துக்கொண்டு இருந்தா. ஓமப் புகையில் கண் கலங்கக் கலங்கப் பிறைகளில் வெடிப்பு விழத் தொடங்கியது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். நம் கல்யாணங்களில் பெண் முதலில் ஒரு சேலையில் வருவா. நடுவில் மாப்பிள்ளை கையால் கூறைச் சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதை உடுத்து, மாலையோடு திரும்பி வந்தால்தான் தாலி. அந்தக் கூறை மாற்றும் நேரம் மட்டும்தான் முகம் மறுபடி நம் கைக்கு வரும். அதற்குள் முகூர்த்தம் ஓடிக்கொண்டிருக்கும். பிந்தினால் ஐயரும் மேளகாரரும் இரு வீட்டாரும் நம்மைத்தான் பார்ப்பார்கள்.

சுவரோடு நின்று யோசித்தேன். விட்டுவிடலாமா? வீட்டுக்காரர் செய்தது, நம் பொறுப்பில்லை. மேலே கொஞ்சம் கடும் நிறப் பவுடர் தட்டலாமா? ரஜனி அதைத்தான் சொன்னா. பார்க்க அது பாதுகாப்பான வழி. ஆனால் ஈரமாகி வெடித்த பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சுப் போட்டால் கன்னத்தில் காய்ந்த குளம்போல் ஆகும். துடைத்து எடுத்தால்? நேரம் போதாவிட்டால் வெறும் கண்ணோடு அனுப்ப வேண்டி வரும். வெறும் கண் என்றால் என்ன? தட்டோடு நிற்க ஏலாது என்று சொன்ன பிள்ளையின் சொந்தக் கண். அந்த இடத்தில் என் யோசனை நின்றுவிட்டது. இதை நன்றாகக் கவனியுங்கள். அவசரத்தில் எந்த வழி சுலபம் என்று கேட்கக் கூடாது. வேலை பாதியில் நின்றுபோனால் எந்த வழி அவவுக்குக் குறைந்த சேதம் என்று கேட்க வேண்டும். துடைத்தல் பாதியில் நின்றாலும் அது அவவுடைய முகம். பூசுவது பாதியில் நின்றால் அது யாருடைய முகமும் இல்லை.

கூறைத் தட்டோடு தர்சினி உள்ளே வந்தா. பின்னால் தோழியும் பெரியம்மாவும். கண்ணாடியைப் பார்த்ததும் அப்படியே நின்றா.

"இது ஆர்?"

"நல்லாத்தானே இருக்கு" என்றா பெரியம்மா. "நேரம் போகுது, முகத்தைத் தொடாதேங்கோ. சேலையை மட்டும் மாத்துங்கோ."

"தர்சினி, நீங்கள் சொல்லுங்கோ. எடுக்கவோ, விடவோ?" என்று கேட்டேன்.

"எடுங்கோ அக்கா."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை! முந்திப் பாக்க வந்த ஆக்கள் நிறத்தைச் சொல்லித்தானே விட்டிட்டுப் போனவை. இந்த ஆக்களும் வெருகலில இருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கினம். அவையின்ர வாயில இருந்து அந்தச் சொல் வரவேணுமோ உனக்கு?"

தர்சினி திரும்பினா. குரல் உயரவில்லை.

"அவை நிறத்தாலை போகேல்லை பெரியம்மா. படத்தாலை போனவை."

பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவவும் அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டு பூசியிருக்கிறா. அந்தப் பிள்ளை இன்னொரு முறை தட்டோடு நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். அவவை வெளியே போகச் சொல்ல வாய் வரை வந்த சொல்லை விழுங்கினேன். சொந்தக்காரரை அறையை விட்டு அனுப்பாதீர்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள்.

"அன்ரி, அந்த யன்னல் சீலையை இழுத்துப் பிடியுங்கோ. எனக்கு வெளிச்சம் வேணும்."

பிடித்தா. துறைமுகத்து வெளிச்சம் முழுவதும் உள்ளே வந்தது. கீழே ரஜனி கூறையின் கொய்யக மடிப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே நான் பஞ்சுக்குச்சியை மேக்கப் அகற்றும் நீரில் நனைத்துக் கண்ணுக்குக் கீழே மட்டும் துடைத்தேன். மை கலையாமல், வெளி ஓரத்திலிருந்து மூக்குப் பக்கமாக. சாம்பல் பஞ்சோடு வந்தது. கதவு தட்டப்பட்டது.

"பொம்பிளையைக் கெதியாக் கூட்டிக்கொண்டு வரட்டாம்! ஐயர் கூப்பிடுறார்!" மாமாவின் குரல்.

"சேலை முடியேல்லை மாமா!" என்றா ரஜனி. சேலை முடிந்துகொண்டுதான் இருந்தது. எனக்காகச் சொன்னா.

டிசுத்தாளால் ஒற்றினேன். கிரீம் ஒரு துளி. கரெக்டர் ஒரு பொட்டு. வலது கண்ணுக்குச் சொந்த நிறத்தில் கன்சீலர் தட்டினேன். இடது கண்ணுக்குக் கரெக்டர் மட்டும் போட்டிருக்கும்போது கதவு மறுபடி தட்டப்பட்டது. வெளியே மேளம் மாறுவது கேட்டது. வீட்டில் காய்ச்சலாகக் கிடந்த என் பிள்ளையைக்கூட அந்தக் கொஞ்ச நேரம் மறந்திருந்தேன். மறுபடி கன்சீலரைத் திறக்க நேரமில்லை. வலது கண்ணில் தட்டிய விரலில் ஒட்டியிருந்ததை அப்படியே இடது கண்ணில் தட்டினேன். அவ்வளவுதான். ரஜனி கடைசி ஊசியைக் குத்தினா.

யன்னல் சீலையைப் பிடித்தபடியே பெரியம்மா சொன்னா: "வெளிச்சத்தில பாக்கேக்கதான் தெரியுது. சாம்பல் மாதிரித்தான் இருந்திருக்கு." பிறகு மாலையை எடுத்துத் தர்சினியின் கையில் அவவே கொடுத்தா. "போ பிள்ளை. வடிவா இருக்கிறாய்."

மணவறையில் தர்சினி மாலையைப் போட்டபோது மாப்பிள்ளை அவ முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். தவிலில் ஒன்றும் கேட்கவில்லை. அவ தலையைக் குனிந்து சிரித்தா. கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது.

திரையில் நான் பார்த்தது அந்த இடது கண்ணைத்தான். விரலில் மிச்சமிருந்ததை மட்டும் வாங்கிய கண். இரண்டில் அதுதான் நன்றாக இருந்தது. வலது கண் ஒரு நல்ல அலங்காரக்காரியின் வேலை மாதிரி இருந்தது. இடது கண் கண் மாதிரி இருந்தது. அதன் பிறகு நான் எந்த முகத்துக்கும் கன்சீலரை நேராக வைத்ததில்லை. முதலில் என் கையில் விரலால் தட்டிக் குறைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் முகத்துக்குக் கொண்டுபோகிறேன். நீங்களும் அப்படித் தொடங்குங்கள். குறைந்தால் கூட்டலாம். கூடினால் பஞ்சுக்குச்சியும் யன்னலும் நல்ல நேரமும் வேண்டும்.

பந்தியில் பெரியம்மா என் பக்கத்தில் வந்து இருந்தா. வடையைப் பிய்த்துக்கொண்டே, "என்ர கண்ணுக்கு எது பொருந்தும் பிள்ளை?" என்று கேட்டா. "கடைக்கு வாங்கோ அன்ரி, வாசலில வைச்சுப் பாப்பம்" என்றேன். வீட்டுக்கு ஓடினேன். பிள்ளைக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. மாமி என்னைப் பார்த்து, "நான்தான் பதறாதை எண்டு சொன்னனானே" என்றா. சொன்னதென்னவோ உண்மைதான்.

கொஞ்ச நாளில் தர்சினி கடைக்கு வந்தா. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு. பெரியம்மா உள்ளே கூட வரவில்லை. கண்ணாடியை வாங்கிக்கொண்டு தானாகவே வாசலில் போய் நின்றுவிட்டா. நான் தாடை ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது தர்சினியிடம் கேட்டேன், மாலை போடும்போது அவர் என்ன சொன்னார் என்று.

வெட்கத்தோடு பெரியம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னா.

"வேற என்னக்கா? 'டியூட்டி முடிஞ்சுதோ?' எண்டு கேட்டவர்."